பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் நீ அணைத்தாய்

என் தங்கமான அம்மாவுக்கு, மேல் லயத்துப் புஷ்பராணிக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. லய வீட்டு வரிசையில் உன் ஒற்றை அறைக் காம்பராவை இன்னும் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். கணக்கப்பிள்ளை இரண்டு தடவை சாவி கேட்டு ஆள் அனுப்பிவிட்டார், வேறு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். தரமுடியாது, வேண்டுமென்றால் பூட்டை உடைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். என் வாய் உனக்குத் தெரியாததா?

இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கிற இடத்தில்தான் போடுகிறேன். உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கட்டும். ஊரைக் கூட்டி வைத்துத்தானே உன்னைத் தலைகுனிய வைத்தார்கள்?

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை காலை, பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னால், அந்த மழை மெஷின் கம்பனியின் இஞ்சினியர் உன் பெயரைச் சொன்னான். தப்பு உன் மேல் இல்லை என்று சொன்னான். அவனாகச் சொல்லவில்லை, நான் சொல்ல வைத்தேன். எப்படி என்று கேட்பாய். முழுவதையும் சொல்கிறேன், ஆனால் நடுவில் "விட்டுருடி, பாவம்" என்று மட்டும் வந்துவிடாதே. இந்தக் கதையில் உன்னைத் தவிர எவரும் பாவமில்லை.

படிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். அம்மா எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவள். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கட்டடம் மேட்டில் இருந்ததால் மழை அளக்கும் மெஷினைக் கம்பனிக்காரர்கள் அங்கேதான் பூட்டினார்கள். கூரையில் ஒரு புனல், சுவரில் ஒரு பெட்டி, வெளியே கம்பத்தில் ஒரு சைரன். ஒரு நாள் மழை ஓர் அளவைத் தாண்டினால் சைரன் அடிக்கும். அடித்தால் கீழ் லயத்துச் சனம் முழுவதும் எழுந்து கோயிலுக்கு வந்துவிட வேண்டும், ஏனென்றால் கீழ் லயத்துக்குப் பின்னால் நிற்பது செங்குத்தான மண்மேடு.

உன்னை "ஆபரேட்டர்" என்று அவர்கள் கூப்பிட்ட அன்று நீ போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. "ஆப்பரேட்டராம்டி, ஆயாவுக்குப் புதுப் பேரு" என்றாய்.

இடி இடித்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது நம் ஆட்களின் பழக்கம். வயர் எல்லாம் தொரைமார் காலத்து வயர், கூரை எல்லாம் தகரம். அணைக்காமல் இருங்கள் என்று சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள் என்பது கம்பனிக்கும் தெரிந்திருந்தது. அதனால் மெஷினில் ஒரு மஞ்சள் பொத்தான் வைத்தார்கள். இடி தொடங்கியதும் பொத்தானை அமத்து, அதுவரை பெய்த மழைக் கணக்கை மெஷின் உள்ளே இருக்கிற மெமரிக் கார்டில் எழுதிக்கொள்ளும், எழுதி முடித்ததும் பச்சை விளக்கு எரியும், எரிந்த பிறகு மெயினை அணை. இடி ஓய்ந்ததும் போடு. விட்ட இடத்திலிருந்து எண்ணும். தோட்டத்தை நடத்துகிற தொரை முன்னால் உன்னிடம் மூன்று தடவை கேட்டார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாட்டு மாதிரி மூன்று தடவையும் பிசகாமல் சொன்னாயாம்.

அன்றைக்கும் அப்படித்தான் செய்தாய். பத்து மணியிலிருந்து அடைமழை. மதியத்துக்குப் பிறகு இடி. பொத்தானை அமத்தினாய், பச்சை எரிந்தது, மெயினை அணைத்தாய். அரைமணி கழித்துப் போட்டாய். மழை விடவேயில்லை. ஆனால் மெஷின் காலையில் தூறிய தூறலோடு நின்றுகொண்டு அதிலிருந்து எண்ணத் தொடங்கியது. சைரன் அடிக்கவேயில்லை.

நீ சைரனுக்குக் காத்திருக்கவில்லையே அம்மா. கீழ் லயத்து மண்மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தாய். ஒன்பது பிள்ளைகளையும் மழைக்குச் சுற்றுகிற படங்குச் சாக்குக்குள் பொத்தி இரண்டு நடையாகக் கோயிலில் கொண்டுபோய் விட்டாய். பிறகு கீழ் லயத்துக்கு ஓடி, வாசல் வாசலாகக் கத்தினாய். பாதிப்பேர் வந்தார்கள். பாக்கியம் அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் போர்வையை விலக்காமல், "சைரன் அடிக்கலையே, சும்மா கெடந்து கத்தாதீங்க" என்றாராம். நாலு மணிக்கு மேடு இறங்கியது. கடைசி மூன்று காம்பராவும் போயிற்று. அவரை உயிரோடு எடுத்தார்கள், வலது காலைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் பெரட்டு. பெரட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி இன்ன மலைக்கு இன்ன வேலை என்று பிரித்துவிடுகிற இடம். அங்கே ஒருவரைப் பற்றிச் சொன்னால் பத்து மணிக்குள் தோட்டம் முழுவதற்கும் தெரிந்துவிடும். அந்த இஞ்சினியர் நடுவில் வந்து நின்று, "மெஷின்ல பிழையில்ல. ஒபரேட்டர் பச்ச லைட் வர முந்தி கரண்ட்ட அணைச்சிருக்கிறா" என்றான். நீ ஒரே ஒரு தரம், "பச்ச லைட்டு எரிஞ்சிச்சிங்க ஐயா" என்றாய். தொரை, "நீ பேசாத" என்றார்.

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் பிள்ளை வளர்த்தவளை ஐம்பத்துமூன்று வயதில் கூடையைக் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். பாக்கியம் அக்கா வீடு வீடாகப் போய், "அந்தப் பொம்பள கையில புள்ளயக் குடுக்காதீங்க" என்று சொன்னாள். நீ முதல் நடையிலேயே முதுகில் சுமந்துகொண்டு போனது அவளுடைய பிள்ளையைத்தான்.

இனி என் பங்குக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இத்தனை நாளாகக் கை வரவில்லை.

நான் கொழும்பில் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பவர்களிடம் நீ "கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற வேல" என்பாய். சரியாகத்தான் சொன்னாய். கொம்பியூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரல் ஒன்று இருக்கிறது, கர்னல் என்று பெயர். அதில் பைலைக் கார்டில் எழுதுகிற பகுதியைப் பார்க்கிறதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். அப்படிப்பட்ட நான், அந்தப் பெரட்டு முடிந்த அன்று உன்னை போனில் கூப்பிட்டு என்ன கேட்டேன்? "அம்மா, உண்மையாச் சொல்லு, லைட்டு வர்ற வரைக்கும் நின்னியா?"

நீ, "நீயுமாடி?" என்றாய். அப்புறம், "அன்னைக்கி டக்குன்னு எரிஞ்சிச்சு. மத்த நாள்ல நான் அஞ்சு எண்ணி முடிச்சாத்தான் வரும். அன்னைக்கி கைய எடுக்கறதுக்குள்ளயே வந்திருச்சு" என்றாய்.

அந்த ஒரு சொல்லில் முழு விஷயமும் இருந்தது அம்மா. எழுதி முடித்ததற்கு அடையாளமான விளக்கு, எழுத எடுக்கிற நேரம்கூட எடுக்காமல் எரிகிறது என்றால் என்ன அர்த்தம்? என் தொழில் தெரிந்த எவளுக்கும் மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். எனக்கு அடிக்கவில்லை. "சரி சரி, டென்ஷன் ஆகாத, மனுசங்கன்னா பிசகுறதுதான்" என்று உனக்கே ஆறுதல் சொன்னேன். என் மூஞ்சியில் நானே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

அதற்கு ஏழாம் மாதம் நீ மலையில் கூடையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது உன் கைவிரல் எல்லாம் கொழுந்துக் கறை. கருமாதி முடிந்த மறுநாள்தான் அந்த "டக்குன்னு" என் காதில் மறுபடி விழுந்தது. விழுந்த நிமிஷமே எழுந்து செருப்புக்கூடப் போடாமல் ஃபெக்டரிக்கு ஓடினேன்.

பழைய மெஷினைக் கழற்றி ஸ்டோரில் போட்டிருந்தார்கள், கம்பனி புதுசு பூட்டிவிட்டதாம். ஸ்டோரைப் பார்க்கிற பண்டார மாத்தயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியை எடுத்து உரப்பையில் போட்டுக் கையில் தந்து, "கெனியன்ன நங்கி. அம்மா வெரதி நே" என்றார். எடுத்துக்கொண்டு போ தங்கச்சி, உன் அம்மா மேல் தப்பில்லை என்றார். அந்தத் தோட்டத்தில் அதுவரை ஒருத்தர்கூடச் சொல்லாத வார்த்தை.

கொழும்பில் என் அறையின் குளியலறையில் மெஷினை மாட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பெய்ய வைத்தேன். கப்பால் மொண்டு புனலில் ஊற்றுவேன், பொத்தானை அமத்துவேன், அஞ்சு எண்ணுவேன், பச்சை எரியும், வயரைப் பிடுங்குவேன். மறுபடி போட்டால் கணக்கு அப்படியே இருக்கும். நாலு ஞாயிறு இதே கூத்து. கீழ்வீட்டம்மா மேலே வந்து, "என்ன பிள்ள, காலையிலருந்து குளிச்சுக்கொண்டே இருக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஐந்தாவது ஞாயிறு கடுப்பில் பைப்பை முழுசாகத் திறந்து புனலுக்கு மேலே விட்டேன். பொத்தானை அமத்தினேன். கையை எடுப்பதற்குள் பச்சை எரிந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன் அம்மா. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

என்ன நடந்தது என்று உனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். மெஷினில் உள்ள புரோகிராம் நேராகக் கார்டில் எழுதாது. கர்னலிடம், "இந்தப் பைலில் இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை எழுது, முடியும்வரை நின்று பார்த்துவிட்டுச் சொல்" என்று கேட்கும். எங்கிருந்து எதுவரை என்ற அந்த வரம்பில் தொடக்கம் முன்னால் இருக்க வேண்டும், முடிவு பின்னால் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இந்த மெஷின் ஒரு நாள் மழையை ஒரே பக்கத்தில் எழுதும். பக்கம் நிரம்பினால் மறுபடி மேலேயிருந்து எழுதத் தொடங்கும். தூறல் நாளில் பக்கம் நிரம்பாது. கொட்டுகிற நாளில் நிரம்பிச் சுற்றிவிடும். அப்போது புரோகிராம் போய், "மூவாயிரத்துத் தொள்ளாயிரமாவது எழுத்திலிருந்து இருநூறாவது எழுத்து வரை எழுது" என்று கேட்கும். தலைகீழ் வரம்பு. எந்த நாளைக்காக மெஷினை வாங்கி வைத்தார்களோ அந்த நாளில் மட்டும் கெட்டுப்போகிற மெஷின்.

கர்னலுக்குள்ளும் ஓர் ஓட்டை இருந்தது. பெரட்டில் ஒருவர், "பதினாறாம் நிரையிலிருந்து மூன்றாம் நிரை வரைக்கும் கொழுந்தெடுங்க" என்று உளறுகிறார் என்று வை. ஆட்களை அனுப்புகிற கங்காணி நிரையைப் பார்க்கவில்லை, எந்த மலை என்று மட்டும் பார்த்து, இரண்டும் ஒரே மலைதானே என்று பெண்களை உள்ளே விட்டுவிட்டார். சாயங்காலம் ஆள் திரும்புவதற்குக் காத்திருக்க வேண்டிய கங்காணி நிரையைப் பார்த்தார். பதினாறிலிருந்து மூன்றா, அப்படி ஒரு வேலையே இல்லையே, யாரும் போயிருக்கமாட்டார்கள் என்று, "எல்லாம் சரி" சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பெண்கள் இன்னும் மலையில் நிற்கிறார்கள். எழுதத் தொடங்குகிற பகுதி வரம்பைப் பக்க எண்ணாக மாற்றிப் பார்த்தது, காத்திருக்கிற பகுதி எழுத்து எண்ணாகவே பார்த்தது. அதனால் எழுத்து வேலை தொடங்கியது, ஆனால் அது முடியும்வரை யாரும் நிற்கவில்லை. பூஜ்யம் என்ற பதில் போனது. பூஜ்யம் என்றால் அங்கே "பிழையில்லை" என்று அர்த்தம். புரோகிராம் பச்சையை எரித்தது. நீ நம்பி அணைத்தாய். பாதி எழுதிய பக்கம் நாசமாய்ப் போனது. மெஷின் திரும்ப எழுந்தபோது கெட்ட பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலையில் எடுத்து வைத்த பழைய பிரதியைப் படித்துக்கொண்டது.

இந்தக் கர்னல் எல்லோரும் திறந்து படிக்கக்கூடியது. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். நடந்ததை எழுதி, திருத்தத்தையும் சேர்த்து அனுப்பினேன். மறுநாளே முகம் தெரியாத ஒரு மனிதர் பதில் போட்டார்: இது எங்கள் பிழை, உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன் என்று. உன்னைப் பார்த்தேயிராத ஆள். ஒரே நாளில். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆனால் அவரோடும் சண்டைதான் போட்டேன், விடுவேனா? தலைகீழாக வரம்பு வந்தால் கர்னல், "இது பிழை" என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல வேண்டும் என்றேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தலைகீழ் வரம்புக்குள் எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை, ஆகவே எழுதவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம், பேசாமல் பூஜ்யம் திருப்புவோம், இப்போது புதிதாகப் பிழை சொல்லத் தொடங்கினால் எத்தனையோ பழைய புரோகிராம்கள் உடைந்துபோகும் என்றார்கள். ஒன்பது கடிதம் எழுதினேன். தோற்றுப்போனேன். கடைசியில் அந்த மனிதர் பொறுமையாக எழுதினார்: அரையும் குறையுமாகச் செய்தது எங்கள் குற்றம், அதைத் திருத்திவிட்டோம். ஆனால் கேட்கிறவன் மனதில் என்ன இருந்தது என்று கர்னலுக்கு எப்படித் தெரியும்? சரியாகக் கேட்பது கேட்கிறவன் பொறுப்பு இல்லையா?

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. திருத்திய கர்னலிலும் அன்றைக்கு உனக்குப் பச்சைதான் எரிந்திருக்கும். அப்படியானால் தலைகீழாகக் கேட்டவன் எவன்?

அடுத்த தடவை தோட்டத்துக்கு வந்தபோது பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். உன் இடத்தில் இருக்கிற பிள்ளைக்கு என்னைத் தெரியும். ஐந்து நிமிஷம் புதுப் பெட்டியைத் திறந்து கார்டைப் பிரதி எடுத்துக்கொண்டேன். அதில் இருந்த புரோகிராமைப் பார்த்தேன். வரம்பு தலைகீழானால் அதை இரண்டாக உடைத்து, கடைசி வரை ஒன்று, மேலேயிருந்து இன்னொன்று என்று ஒழுங்காகக் கேட்கிறது. திருத்திவிட்டார்கள்! பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறான் மகராசன்: அடைமழையில் வரம்பு தலைகீழாகிறது, காத்திருக்காமல் பச்சை எரிகிறது. கீழே நம் தோட்டத்தின் பெயர். கீழே அந்த இஞ்சினியரின் பெயர். மேடு சரிந்த இரண்டாவது கிழமையில், இரண்டாவது வாரத்திலேயே, எழுதியது.

இரண்டாவது கிழமை அம்மா. நீ கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறத் தொடங்கியிருந்த கிழமை. தப்பு தன்னுடையது என்று தெரிந்துகொண்டே உன்னை ஆறரை மாதம் ஏறவிட்டான். ஒரு போன் போட்டிருந்தால் போதும். மெஷினைத் திருத்த வந்தவனுக்கு அந்தப் பெயரைத் திருத்த ஒரு வார்த்தை வரவில்லை.

அன்றைக்கு முடிவு பண்ணினேன். கர்னல் திருத்தத்தோடு, அது ஏன் வந்தது என்று ஒரு குறிப்பு எழுதுவது வழக்கம். அதில் நடந்தது அத்தனையையும் எழுதினேன். எந்தக் கம்பனி, எந்த மெஷின், எந்த நாளில் கெடும், எப்போதிருந்து தெரிந்தும் மறைத்தார்கள், எல்லாம். பிழையை முதலில் கண்டு சொன்னவர் யார் என்று போடவும் ஒரு வரி உண்டு. அங்கே உன் பெயரைப் போட்டேன். டக்குன்னு எரிஞ்சிச்சு என்று முதலில் சொன்னவள் நீதானே? இனி அந்தக் கர்னல் போகிற இடமெல்லாம் அந்த வரியும் போகும். எவராலும் அழிக்க முடியாது.

இரண்டு மாதம் கழித்து அந்த இஞ்சினியரிடமிருந்து போன் வந்தது. வெளிநாட்டில் மெஷின் வாங்க இருந்தவர்கள் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டார்களாம். குரலில் தேன் ஒழுகியது. "பாருங்க மிஸ், எங்கட கம்பனி பேர மட்டும் அதில இருந்து எடுக்க ஏலுமா?"

"பெரட்டுக்கு வாங்க, பேசுவோம்" என்றேன்.

கடிதம் அனுப்புகிறோம் என்றான். வேண்டாம் என்றேன். ஒஃபிஸ் சுவரில் ஒட்டலாமே என்று தொரை ஆள் அனுப்பினார். பெரட்டில் சொன்னதைப் பெரட்டில்தான் திருப்பி எடுக்க வேண்டும், எங்கள் ஆட்களுக்குச் சுவர் படித்துப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டேன். வந்தான்.

வியாழக்கிழமை ஆறரை மணி, தூறல். எல்லோரும் படங்கைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். மேசை போட்டுப் பழைய மெஷினை வைத்திருந்தேன். அவன் பொக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக" என்று தொடங்கினான். "தாள மடிச்சு உள்ள வைங்க" என்றேன். பிறகு பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டேன். பயந்துகொண்டே வந்தாள். வாளியை அவள் கையில் கொடுத்து, முழுவதையும் புனலில் ஊற்றச் சொன்னேன். மெஷினின் முகப்பில் மழைக் கணக்கு ஏறுவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"இப்ப மஞ்சப் பொத்தான அமத்துங்க அக்கா. பச்ச வந்தா மட்டும் வயரப் புடுங்குங்க."

அமத்தினாள். பச்சை எரிந்தது. நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பிடுங்கினாள். திரும்ப மாட்டச் சொன்னேன். முகப்பில் ஒரு வாளி தண்ணீரைக் காணோம்.

பாக்கியம் அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "பச்ச வந்த பொறவுதானே புடுங்குனேன்? எல்லாரும் பாத்தீங்கதானே?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாள்.

"ஆமாக்கா. எங்கம்மாவும் இதே எடத்துல இதத்தான் சொன்னா" என்றேன்.

நான் அவன் பக்கம் திரும்பினேன். "பேரச் சொல்லிச் சொல்லுங்க. யார் மேல தப்பு?"

"புஷ்பராணி அம்மா மேல தப்பில்ல. மெஷின்லதான்."

"மெஷின எழுதுனது யாரு?"

"நாங்கதான்."

"எப்பருந்து தெரியும்?"

தொரையைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "ரெண்டாவது கிழமையில இருந்து" என்றான். பின்வரிசையிலிருந்து யாரோ "அடப்பாவி" என்றார்கள், அதற்குப் பிறகு களம் முழுவதும் கத்தியது. தொரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "வெரி சொரி" என்றார். தமிழில் சொல்லுங்கள் என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. சொன்னார்.

பாக்கியம் அக்கா அழுதுகொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். நான் கையை உருவிக்கொண்டேன். நீயாக இருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பாய். நான் நீயில்லை. அவளை மன்னித்துவிட்டாய் என்று உன் சார்பில் சொல்ல எனக்கு உரிமை கொடுத்தது யார், மன்னிக்க வேண்டியவள் மண்ணுக்குள் இருக்கிறாள்.

கூட்டம் கலைந்த பிறகு இஞ்சினியர் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டான். "இப்ப பேர எடுத்திருவீங்கதானே மிஸ்?"

"எடுக்கமாட்டேன். நெனச்சாலும் இனி யாராலயும் எடுக்க முடியாது."

"நீங்க சொன்னீங்களே?"

"பெரட்டுக்கு வாங்க, பேசுவோம்னு சொன்னேன். வந்தீங்க, பேசிட்டோம்."

அவன் முகம் போன போக்கை உனக்குக் காட்ட முடியவில்லையே என்பதுதான் என் குறை. அது ஏமாற்று வேலை என்று நீ சொல்லலாம். சொல்லு. அவன் சொன்ன பொய்க்கு எத்தனை மாதம் நீ மலையேறினாய் என்று நானும் கேட்பேன். பஸ்ஸில் பொகவந்தலாவை தாண்டும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதற்கப்புறம் பழையபடி உள்ளே எரியத் தொடங்கிவிட்டது. எல்லோரையும் கேட்க வைத்துவிட்டேன், நீ மட்டும் கேட்கவில்லையே.

நேற்று ஒரு போன் வந்தது. டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா, தங்கம் என்று பெயர். நம் பெரட்டில் நடந்தது அவள் காதுக்குப் போயிருக்கிறது. அங்கேயும் அதே மெஷின், அதே மஞ்சள் பொத்தான். போன மழையில் லயத்து ஓரம் சரிந்திருக்கிறது. சைரன் அடிக்கவில்லை. அவளையும் நிறுத்தி வைத்து, அவசரப்பட்டு அணைத்துவிட்டாய் என்றிருக்கிறார்கள். நம் மெஷினைத் திருத்தியவர்கள் மற்றத் தோட்டங்களில் பழையதையே ஓடவிட்டிருக்கிறார்கள், மாற்றினால் ஏன் என்று கேள்வி வருமே.

"தங்கச்சி, நான் பச்ச வந்த பொறவுதான் அணைச்சேன்" என்றாள். பிறகு, சின்னக் குரலில், "ஆனா எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேனோ?" என்றாள்.

அம்மா, உனக்கும் அப்படி ஆனதா? கடைசி மாதங்களில், மலையில் தனியாக நிற்கும்போது, நான்தான் அவசரப்பட்டுவிட்டேனோ என்று நீயும் நினைத்தாயா? பெற்ற மகளே நம்பவில்லை என்றால் நினைத்திருப்பாய்தானே?

திங்கட்கிழமை அவளுடைய பெரட்டுக்குப் போகிறேன். மெஷின் பைக்குள் இருக்கிறது, அந்த இஞ்சினியருக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன், வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்து. இந்தத் தடவை தங்கத்தின் மேல் தப்பில்லை என்று அவன் சொல்லும்போது, அந்தப் பெயர்க்காரி முன்வரிசையில் உயிரோடு நின்று கேட்பாள். உனக்குப் பிந்திவிட்டேன். அவளுக்குப் பிந்தமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

நீ படாமல் விட்டுப்போன கோபத்தையும் சேர்த்துப் படுகிற,
உன் ஒரே மகள்,
யோகா